அத்தியாயம் 14: மூன்றாவது வாசனை

"அம்மா, அங்க வர்றவங்க எல்லாரும் ஆம்பளைங்க."

"இருக்கட்டுமே. நான் என்ன மாப்பிள்ளை பார்க்கவா வரேன்?"

"அதில்லம்மா. ஷேவ் பண்றவங்கதான் சங்கத்துல வாயைத் திறக்கலாம்னு ஒரு விதி இருக்கு."

"விதியை நான் பார்த்துக்கறேன். நீ செருப்பைப் போடு."

மகன் செருப்பைப் போட்டான். பத்து மாடிக் கட்டடத்து லிஃப்டைத் தனி ஆளாகப் பிரித்து மாட்டுகிற மெக்கானிக் அவன். ஆனாலும் அம்மா குரலை ஒரு படி உயர்த்தினால் கைகால் தானாக இயங்கிவிடும். அம்மாவுக்கும் மனைவிக்கும் நடுவே, இரண்டு மாடிகளுக்கு இடையில் நின்றுபோன லிஃப்ட் மாதிரி ஒரு மாதமாகத் தொங்கிக்கொண்டிருந்தான்.

காலஞ்சென்ற கணவரின் ஷேவிங் பிரஷ்ஷை வெள்ளைத் துணியில் சுற்றிக் கைப்பையில் வைத்து, "ஞாயித்துக்கிழமை நானும் வரேன்" என்று அவன் அம்மா டீச்சர் அறிவித்ததைப் போன வாரம் பார்த்தோம். அந்த ஞாயிறு வந்துவிட்டது.

டீச்சர் முப்பத்திரண்டு ஆண்டுகள் பள்ளிக்கூடத்தில் உடற்பயிற்சி ஆசிரியை. ஓய்வு பெற்று ஆறு வருடம் ஆகியும் அவர் முதுகு எந்த நாற்காலியிலும் சாய்ந்ததில்லை. பழைய மாணவர்கள் இன்றைக்கும் தெருவில் அவரைக் கண்டால் சட்டைப் பொத்தானைத் தடவிப் பார்த்துக்கொள்வார்கள். அப்படிப்பட்ட வீட்டுக்குத்தான் போன மாதம் அந்தத் தலைக்குனிவு வந்தது.

மருமகள் வீட்டில் ஷேவிங் சோப்பு செய்கிறவள். தச்சரின் மகள். அப்பாவின் பட்டறையில் இழைப்புளியிலிருந்து சுருண்டு விழும் தேவதாருச் சீவலின் வாசனையையும், எலுமிச்சைத் தோலின் வாசனையையும் சேர்த்து, இரண்டு வருடம் தலையை உடைத்துக்கொண்டு ஒரு சோப்பை உருவாக்கினாள். 'மரச்சீவல்' என்று பெயர் வைத்தாள். வாசனை ஷேவிங் சோப்புகளை மாதம் ஒருமுறை கூடி ஒப்பிட்டுப் பார்க்கும் நுரைச் சங்கத்தில் மகன் உறுப்பினன். அவன்தான் அதைக் கொண்டுபோனான். அன்றைக்கு ஏழு சோப்புகளில் அது ஏழாவது. அதைப் போட்டுப் பார்த்த உறுப்பினர், ஒரு பல் டாக்டர்; அவருடைய இடது கன்னம் தக்காளியாகச் சிவந்து எரிந்தது. சங்கத் தலைவர் பதிவேட்டைத் திறந்து 'மரச்சீவல்' மேல் சிவப்புக் கோடு போட்டார்.

"வீட்டு அடுப்புல காய்ச்சினா இப்படித்தான் இருக்கும்" என்றார். மகன் வாய் திறக்கவில்லை.

தன் கடையில் அந்தச் சோப்புக்கு ஒரு தட்டு ஒதுக்குவதாகச் சொல்லியிருந்த இன்னொரு உறுப்பினரான கடைக்காரர், "அப்புறம் பார்க்கலாம் தம்பி" என்று நழுவினார். இரண்டே நாளில் சேதி சந்தைவரை போய்விட்டது. "உங்க வீட்டு சோப்பு போட்டா மூஞ்சி வெந்துடுமாமே டீச்சர்?" என்று காய்கறிக்காரம்மா, பத்துப் பேர் நிற்கும்போது கேட்டாள்.

மருமகள் அழவில்லை. அச்சுகளைக் கழுவித் துடைத்துப் பரணில் ஏற்றினாள். மிச்சமிருந்த சோப்புகளைக் குப்பையில் போட்டாள். அதன் பிறகு அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. டீச்சரை உறுத்தியது அந்த மௌனம்தான்.

இப்போதும் சமையலறை வாசலில் நின்றுகொண்டு தாழ்ந்த குரலில் சொன்னாள்: "விட்டுடுங்க அத்தை. நான் மறந்துட்டேன்."

"நீ மறக்கலாம். காய்கறிக்காரி மறக்கலையே."

"எனக்காகவா போறீங்க?"

"உனக்காகன்னு யார் சொன்னது? இந்த வீட்டு வாசப்படியைத் தாண்டிப் போன பொருள் அது. அது மேல ஒருத்தன் சிவப்புக் கோடு போட்டா, அது என் நெத்தியில போட்ட கோடு."

"சரி, போய் எதைக் காட்டுவீங்க? எல்லாத்தையும்தான் நான் தூக்கிப் போட்டுட்டேனே."

டீச்சர் கைப்பையை ஒருமுறை தட்டிப் பார்த்துக்கொண்டு படியிறங்கினார்.

*

கைக்கடிகாரம் பழுது பார்க்கும் கடைக்கு மேலே, குறுகலான மரப்படி ஏறினால் சங்கத்தின் கூடம். ஒரு சுவர் நெடுக ஐந்து பேசின்கள். ஒவ்வொன்றுக்கு மேலும் ஒரு கண்ணாடி, ஒரு ஆணி, ஆணியில் ஒரு துண்டு. நடுவில் நீள மேசை. அதன்மேல் பெயர் மறைத்து எண் ஒட்டிய வட்ட டப்பாக்கள். படியில் பாதி ஏறும்போதே ரோஜாவும் புகையிலையும் கற்பூரமும் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு மூக்கில் ஏறின.

எட்டு உறுப்பினர்கள். டீச்சர் உள்ளே நுழைந்ததும் மூன்று பேர் எழுந்து நின்றார்கள். அவர்களில் ஒருவர் பல் டாக்டர்.

"நீ ஏழாம் கிளாஸ்ல கயிறு ஏற பயந்தவன் இல்ல?"

"ஆமா டீச்சர்."

"கூன் போடாம நில்லு."

டாக்டர் நிமிர்ந்தார்.

தலைவர் முன்னால் கப்பல் கேப்டனாக இருந்தவர். நாற்பது வருடக் கடற்காற்றில் அவர் முகம் தோல்பை மாதிரி இறுகிப் போயிருந்தது. நல்ல மனிதர்தான். ஆனால் தன் விதிகளைத் தன் மீசையைவிட அதிகமாக நேசித்தவர்.

"வாங்க டீச்சர். பார்வையாளரா உட்காரலாம். ஆனா பேச அனுமதி கிடையாது. இங்க பேசற உரிமை கன்னத்துக்குத்தான்."

மகன் தரையைப் பார்த்தான். டீச்சர் நாற்காலியில் உட்காரவில்லை.

"கேப்டன் சார், என் வீட்டுக்காரர் ஒன்பது வருஷம் படுக்கையில கிடந்தார். ஒரு பக்கம் கை கால் வராது. வேலைக்குப் போனப்பவும் சரி, ரிடையர் ஆனப்புறமும் சரி, தினமும் காலையில நான்தான் அவருக்கு ஷேவ் பண்ணிவிடுவேன். மழை, காய்ச்சல், பரீட்சைன்னு ஒரு நாள் தவறினதில்லை. அவர் கடைசியா கண்ணை மூடற வரைக்கும் அந்த முகத்துல என் கையைத் தவிர வேற ஒரு கை பட்டதில்லை. மூவாயிரத்துச் சொச்சம் ஷேவ். உங்கள்ல யாராவது இன்னொருத்தர் கன்னத்துல ஒரே ஒரு தடவை கத்தி வச்சிருக்கீங்களா?"

கடைக்காரர் தொண்டையைச் செருமினார்.

"விதியில 'தன் கன்னம்'னு எழுதலை, கேப்டன். 'சவரம் செய்பவர்'னுதான் எழுதியிருக்கு."

கேப்டன் பதிவேட்டின் முதல் பக்கத்தைத் திருப்பிப் பார்த்தார். எழுதியவரே அவர்தான். விதிக்கு முன்னால் அவரும் தலை வணங்கித்தான் ஆகவேண்டும்.

"பேசுங்க" என்றார்.

"இப்ப இல்ல. முதல்ல உங்க வேலையைப் பார்க்கறேன்."

*

டீச்சர் பார்த்தார். உடற்பயிற்சி வகுப்பில் நாற்பது பிள்ளைகளில் எவன் காலை மாற்றி வைக்கிறான் என்று கண்டுபிடித்த அதே பார்வை.

முதலில் டப்பாவைத் திறந்து உலர்ந்த வாசனை பார்த்தார்கள். பிறகு நாலு சொட்டுத் தண்ணீர் விட்டு நனைந்த வாசனை. ஒரே மூக்கு இரண்டாவது தடவை வேறு கதை சொல்லும் என்பார்கள். பிறகு பிரஷ், நுரை. வலது கன்னத்துக்கு ஒரு சோப்பு, இடது கன்னத்துக்கு இன்னொன்று.

"மூணாம் நம்பர் நல்லா எழும்புது, ஆனா நாலு நிமிஷத்துல செத்துப்போகுது."

"ஒண்ணாம் நம்பர் என்னய்யா, தாத்தா பீரோ மாதிரி வாசனை?"

"அது புகையிலை. உனக்கு ரசனை போதாது."

"ரசனை இருக்கு. தும்மலும் வருது."

மூன்றாவது பேசினில் கேப்டன் தானே செய்வித்துக் கொண்டுவந்த சோப்பைக் குழைத்தார். பட்டையும் கிராம்பும் கலந்தது. காரம் கண்ணை உறுத்தியது. அவர் கன்னத்துக்கு அது ஒரு பொருட்டே இல்லை. மழித்து முடித்து, பிரஷ்ஷைத் தண்ணீரில் ஒரு முக்கு முக்கினார். மூன்று உதறு உதறினார். அடுத்தவர் கையில் கொடுத்தார்.

டீச்சரின் வலது கை தானாக உயர்ந்தது. வகுப்பில் விசில் ஊதுவதற்கு முன் அப்படித்தான் உயரும்.

"நில்லுங்க. எல்லாருக்கும் ஒரே பிரஷ்ஷா?"

"பேசினுக்கு ஒண்ணு" என்றார் கேப்டன் பெருமையாக. "அவங்கவங்க பிரஷ் கொண்டுவந்தா ஒப்பீடு நியாயமா இருக்காது. ஒருத்தர் பிரஷ் மெத்துனு இருக்கும், இன்னொருத்தர் பிரஷ் முள்ளா இருக்கும். அதனால எல்லா சோப்புக்கும் ஒரே மாதிரி பிரஷ், ஒரே தண்ணி, ஒரு முக்கு, மூணு உதறல். பன்னெண்டு வருஷ விதி. சோப்புக்குச் சோப்பு பாரபட்சமே கிடையாது."

"அதைக் கொஞ்சம் கொடுங்க."

பிரஷ்ஷை வாங்கி, தலை வாரும்போது வகிடு எடுப்பது மாதிரி முடியை இரண்டாகப் பிரித்தார். அடியில், பிடியோடு முடி சேரும் இடத்தில், மூக்கை வைத்தார். பிறகு எதுவும் சொல்லாமல் அதைக் கேப்டனின் மூக்குக்கு நேரே நீட்டினார்.

"பட்டை" என்றார் கேப்டன், ஒன்றும் புரியாமல்.

"நுரை மேலே போயிடும். சோப்பு அடியில உட்கார்ந்துக்கும். ஒரு முக்குல அது வராது. என் மகன் ஒருதடவை அவங்கப்பாவுக்குப் புதினா சோப்பு வாங்கிட்டு வந்தான். ஒரே நாள்தான் போட்டேன். எரியுதுன்னு கண்ணாலயே சொன்னார், தூக்கிப் போட்டுட்டேன். மறுநாள் பழைய வெள்ளை சோப்புக்கு வந்தா, அதுவும் எரியுதுன்னார். மூணு நாள் எரிஞ்சது. நாலாம் நாள்தான் பிரஷ்ஷைப் பிரிச்சு மோந்து பார்த்தேன். அன்னியிலேர்ந்து ஏழு தண்ணியில அலசுவேன். ஏழாவது தண்ணிக்கு வாசனை இருந்தா, எட்டாவது."

"போன மாசத்து விஷயத்துக்கும் இதுக்கும்…" என்று ஆரம்பித்தார் கேப்டன்.

"இருக்கு சார்."

சொன்னது மகன். தரையிலிருந்து பார்வையை நிமிர்த்தினான்.

"போன மாசம் ஆறாம் நம்பர் உங்களோட பட்டை சோப்பு. மூணாவது பேசின். நீங்க முடிச்சதும் அதே பேசின்ல, அதே பிரஷ்ல, டாக்டர் ஏழாம் நம்பர் போட்டார். பக்கத்து பேசின்ல நான் நின்னேன். பதிவேட்டுல இருக்கும், பாருங்க. அன்னிக்கே நான் கேட்டிருக்கணும். கேக்காம விட்டது என் தப்பு."

பதிவேடு திறந்தது. ஆறு: தலைவர், பேசின் மூன்று. ஏழு: பல் டாக்டர், பேசின் மூன்று. கேப்டனின் கையெழுத்து, கப்பல் நாட்குறிப்பு மாதிரி அடித்தல் திருத்தல் இல்லாமல்.

"இது ஒரு ஊகம்தானே?" என்றார் கேப்டன். ஆனால் குரலில் பழைய உறுதி இல்லை.

"சரி, ஊகம் வேண்டாம். வாசனையே இல்லாத சோப்பு இருக்கா உங்ககிட்ட?"

இருந்தது. ஒவ்வொரு மாதமும் அளவுகோலாக வைக்கும் வெள்ளைச் சோப்பு. பச்சைக் குழந்தைக்குப் போட்டாலும் சிணுங்காது என்று எல்லோரும் சத்தியம் செய்வார்கள்.

டீச்சர் திரும்பினார். "டாக்டர் தம்பி, வந்து உட்காரு."

"நானா? டீச்சர், போன மாசம் ஒரு வாரம் மாஸ்க் போட்டுக்கிட்டே பல்லு பிடுங்கினேன்."

"பல்லைப் பிடுங்கறவன் கன்னத்துக்குப் பயப்படலாமா? உட்காரு. வலது கன்னத்துக்கு இந்த வெள்ளை சோப்பு, உங்க சங்கத்துப் பிரஷ். இடது கன்னத்துக்கு என் சோப்பு, என் பிரஷ்."

கைப்பையிலிருந்து முதலில் துணியில் சுற்றிய பிரஷ் வந்தது. பிறகு, மூடி சரியாக இறுகாத ஒரு வட்ட டப்பா. மகன் கண்ணை அகல விரித்தான். ஆறு மாதத்துக்கு முன்னால், மூடி கோணல் என்று மருமகள் ஒதுக்கி வைத்த டப்பா அது. காணாமல் போய்விட்டதென்று வீடெல்லாம் தேடினாள். 'பட்டறை வாசனையெல்லாம் வீட்டுக்குள்ள எதுக்கு' என்று கல்யாணமான புதிதில் மூக்கைச் சுளித்த அதே அம்மாவின் பையிலிருந்து அது வெளிவருகிறது!

"என்னடா பார்க்கற? தண்ணி புடி."

கேப்டன் பட்டைச் சோப்புக்குப் பிறகு ஒரு முக்கு முக்கி உதறிய அதே பிரஷ்ஷில் வெள்ளைச் சோப்பு குழைந்தது. வலது கன்னத்தில் பூசிய ஒரு நிமிடத்துக்குள் டாக்டர் நாற்காலியின் கையைப் பிடித்தார்.

"எரியுது டீச்சர்."

"எது எரியுது?"

"வெள்ளை சோப்பு… அது எப்படி எரியும்?" பாதியிலேயே நிறுத்திக்கொண்டு கேப்டனைப் பார்த்தார்.

டீச்சர் ஈரத் துண்டால் அந்தக் கன்னத்தை ஒற்றி எடுத்தார். பிறகு கணவரின் பிரஷ்ஷை நனைத்து, மரச்சீவலைக் குழைக்க ஆரம்பித்தார். அவசரமில்லாமல், மணிக்கட்டு மட்டும் அசைய. நுரை முதலில் சளசளத்தது, பிறகு தயிராக இறுகியது, பிறகு பிரஷ்ஷைத் தூக்கினால் நுனி வளைந்து அப்படியே நின்றது. உறுப்பினர்கள் தங்களை அறியாமல் நெருங்கி வந்தார்கள். அப்படி ஒரு நுரையை அந்தக் கூடம் பார்த்ததில்லை; பட்டைக் காரம் ஏறியிருந்த மூக்குகளுக்கு அதன் வாசனை மட்டும் எட்டவில்லை.

இடது கன்னத்தில் பூசினார். ரேசரை எடுத்தார். காதோரத்திலிருந்து தாடை வரை ஒரே இழுப்பு. தாடை எலும்பின் வளைவில் இடது கைக் கட்டைவிரலால் தோலை இழுத்துப் பிடித்து, குட்டிக் குட்டியாக மூன்று. நேரம் போனதே தெரியவில்லை. டாக்டரின் கண் சொக்கியது.

"தூங்கறியா?"

"இல்ல டீச்சர். கண்ணை மூடினேன்."

"கண்ணாடியைப் பாரு."

டாக்டர் பார்த்தார். எல்லோரும் பார்த்தார்கள். ஒரு பக்கம் செக்கச் செவேல். இன்னொரு பக்கம் கழுவி வைத்த பீங்கான் தட்டு. நடுவில் மூக்கு எல்லைக்கல் மாதிரி நின்றது.

முதலில் சிரித்தவர் டாக்டர்தான். "ஒரு மாசமா அந்தப் பொண்ணு சோப்பைத் திட்டிக்கிட்டிருந்தேனே!"

கேப்டன் சிரிக்கவில்லை. மூன்றாவது பேசினுக்குப் போய், சங்கத்து பிரஷ்ஷை ஒரு கிண்ணத் தண்ணீரில் அலசினார். தண்ணீரை மோந்தார். கொட்டினார். மறுபடி அலசினார். ஆறாவது தடவைதான் நிமிர்ந்தார்.

"பதினொரு சோப்பு மேல சிவப்புக் கோடு போட்டிருக்கேன் டீச்சர், இந்தப் பன்னெண்டு வருஷத்துல. நியாயமா நடக்கறதா நினைச்சு." ஒரு கணம் நிறுத்தினார். "மறுபடி பார்ப்போம். ஒவ்வொண்ணா எல்லாத்தையும். இன்னிக்கு இதுலேர்ந்து ஆரம்பிக்கலாம். நுரைக்கு மார்க் நீங்க போடுங்க."

*

ஐந்து பிரஷ்களும் வாசனை அற்றுப்போகும் வரை அலசப்பட்டன. கடைக்காரர் மரச்சீவலையும் சேர்த்து ஏழு சோப்புகளையும் ஒரே மாதிரிக் கிண்ணங்களில் வழித்துவைத்து, எண்களை மாற்றி ஒட்டி, எது எது என்று தன் உள்ளங்கையில் எழுதிக்கொண்டு கையை மூடிக்கொண்டார். காலையில் மழித்த கன்னங்களில் மறுபடி கத்தி வைக்காமல், நுரையை மட்டும் பூசி ஐந்து நிமிடம் விட்டார்கள். அவரைத் தவிர யாருக்கும் எண்ணுக்கு மேல் ஒன்றும் தெரியாது.

டீச்சர் ஒவ்வொரு நுரையையும் உள்ளங்கையில் வாங்கி, விரலால் தடவி, மார்க் போட்டார். முகத்தில் ஒரு தசை அசையவில்லை. பிரஷ் குற்றவாளி என்று நிரூபித்தாயிற்று. சோப்பு நல்லதுதானா என்பது இனிமேல்தான் தெரியும். 'பாவம், தப்பில்லை' என்ற சொல்லோடு வீட்டுக்குத் திரும்புவது அவருக்குப் போதாது. அந்தப் பெண்ணின் மௌனத்தை உடைக்க அந்தச் சொல்லுக்கு வலு இல்லை.

கேப்டன் ஐந்தாம் எண் கிண்ணத்தின் மேல் குனிந்தார். நிமிர்ந்தார். மறுபடி குனிந்தார்.

"இதுதான்யா சோப்பு" என்றார். "எங்கேர்ந்து வந்தது இது? வெளிநாட்டுச் சரக்கா? மரம் தெரியுது. எலுமிச்சைத் தோல் தெரியுது. அதுக்குப் பின்னால மூணாவதா ஒண்ணு ஒளிஞ்சு நிக்குதே, அது என்ன?"

டாக்டர் மோந்து பார்த்தார். மகன் பார்த்தான். ஆளுக்கு ஒன்று சொன்னார்கள். பூ என்றார் ஒருவர். துணி மடிப்பு என்றார் இன்னொருவர். முடிவுக்கு வர முடியவில்லை. கேப்டன் பதிவேட்டில் எழுதினார்: 'ஐந்து. மூன்றாவது வாசனை தெரியவில்லை. மிகச் சிறப்பு.'

மார்க்குகளைக் கூட்டினார்கள். கடைக்காரருக்குப் பதில் டீச்சரைச் சேர்த்து, எட்டுப் பேரில் ஏழு பேரிடம் ஐந்தாம் எண்ணுக்கே முதலிடம். கடைக்காரர் மூடிய கையை விரித்தார். உள்ளங்கையைப் பார்த்தார். சத்தம் போட்டே படித்தார்.

"அஞ்சு… மரச்சீவல்."

கூடத்தில் எழுந்த கூச்சலுக்குக் கீழேயிருந்து கடிகாரக்காரர் கழியால் கூரையைத் தட்டினார்.

டீச்சரின் முதுகு இன்னும் ஒரு அங்குலம் உயர்ந்தது. கேப்டன் பக்கம் திரும்பினார். "என்ன மரம்னு கேட்டீங்களே. என் சம்பந்தி பட்டறையில இழைப்புளி ஓடும்போது சுருண்டு விழற தேவதாருச் சீவல். அதை வீட்டு அடுப்புல காய்ச்சினது என் மருமகள்."

வீட்டு அடுப்பு என்ற சொல்லில் மட்டும் லேசாக அழுத்தினார். கேப்டனுக்கு அது போதும். அவர் பேனாவை எடுத்தார். "இந்தக் கோட்டை அழிச்சுடறேன் டீச்சர்."

"வேண்டாம். அது அங்கேயே இருக்கட்டும். பக்கத்துல என்ன நடந்ததுன்னு எழுதுங்க. நாளைக்குப் புரட்டறவனுக்குத் தெரியணும்."

கேப்டன் எழுதினார்: 'தவறு சோப்பில் இல்லை. பிரஷ்ஷில். அதைவிட, என் விதியில்.' கீழே கையெழுத்துப் போட்டுத் தேதியும் எழுதினார். இறுகிய முகம்தான், ஆனால் நேர்மையான கை.

கடைக்காரர் டீச்சரின் பக்கத்தில் வந்து நின்றார். "கண் மட்டத்துல இருக்கற தட்டைக் காலி பண்ணிடறேன். அடுத்த மாசக் கடைசிக்குள்ள இருநூறு டப்பா. ஆனா இதே வாசனை வேணும். அந்த மூணாவது வாசனையோட."

"வரும்" என்றார் டீச்சர்.

படியிறங்கும்போதுதான் அவருக்கு ஞாபகம் வந்தது. "எட்டுல ஏழு பேர். அந்த எட்டாவது அறிவாளி யாருடா?"

மகன் இரண்டு படி முன்னால் ஓடினான். "ரெண்டு வருஷமா அதே வாசனையில இருந்தவன்மா நான். மூக்கு மரத்துப்போச்சு. மூணாவது இடம் கொடுத்துட்டேன். வீட்டுல சொல்லிடாதீங்க, கால்ல வேணா விழறேன்."

"உன் பொண்டாட்டி சோப்பை உனக்கே தெரியலையா?" டீச்சர் நின்றார். பிறகு, மகன் வெகுநாளாகக் கேட்டிராத ஒரு சத்தம் படிக்கட்டில் எதிரொலித்தது. அம்மா சிரித்துக்கொண்டிருந்தார்.

வீட்டுக்குக் குறுக்கு வழி இருந்தும் சந்தை வழியாகவே நடந்தார். சேதி ஏற்கனவே கைப்பேசிகளில் வந்து சேர்ந்திருந்தது. காய்கறிக்காரம்மா தராசை அப்படியே விட்டுவிட்டு எழுந்தாள்.

"டீச்சர், எங்க வீட்டுக்காரருக்கு அந்த சோப்பு ஒண்ணு…"

"வரிசையில நில்லும்மா. இருநூறு பேருக்கு அப்புறம்."

*

மருமகள் வாசலிலேயே நின்றிருந்தாள். கேட்கவில்லை. கேட்கப் பயந்தவள் மாதிரி துணியை மடித்துக்கொண்டிருந்தாள்.

"முதல் இடம்" என்றார் டீச்சர். வழியெல்லாம் யோசித்துவைத்திருந்த வார்த்தைகள் எங்கேயோ போய்விட்டன. "பரணிலேர்ந்து அச்சை இறக்கு. இருநூறு வேணுமாம்."

மருமகளின் கையிலிருந்த துணி தரையில் விழுந்தது. அவள் கண் நிறைந்தது. ஒரு மாதத்துக்குப் பிறகு அவள் முகம் அசைந்ததைப் பார்த்து டீச்சர் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்.

"பட்டறை வாசனைன்னு ஒருநாள் சொன்னேன்" என்றார் சுவரைப் பார்த்து. "இன்னிக்கு அதைச் சபையில நாலு பேர் முன்னால, பெருமையாச் சொல்லிட்டு வந்தேன்."

மருமகள் டப்பாவை வாங்கினாள். மூடியைத் திறந்து மோந்தாள். புருவம் சுருங்கியது.

"அத்தை, இது என்னோடதுதான். ஆனா இந்த வாசனை நான் போட்டதில்ல. மரமும் எலுமிச்சையும் நான் போட்டது. இது வேற என்னவோ. இதை எங்க வச்சிருந்தீங்க?"

"மாமாவோட அலமாரியில. அவரோட கறுப்புக் கோட்டுக்குக் கீழே."

"மூடி இறுகாத டப்பா. ஆறு மாசத்துல பக்கத்துல இருந்த எதுவோ ஏறியிருக்கு. அது என்னன்னு தெரியாம இருநூறு எப்படிச் செய்வேன்?"

டீச்சர் தயங்கினார். கணவர் போய் இரண்டு வருடம். அந்த அலமாரிச் சாவி டீச்சரின் இடுப்பை விட்டு இறங்கியதில்லை. அதை மெல்ல அவிழ்த்தார். மருமகளின் உள்ளங்கையில் வைத்து விரல்களை மூடினார்.

"நீயே பாரு. இனிமே இது உன்கிட்டயே இருக்கட்டும்."

மருமகள் அலமாரியைத் திறந்தாள். ரயிலில் டிக்கெட் பரிசோதகராக இருந்தவரின் கறுப்புக் கோட்டு. அதன் கழுத்தை மோந்தாள், கையை மோந்தாள். உள்பக்கப் பையருகே வந்ததும் நின்றாள். கையை விட்டாள். காகிதத்தில் சுற்றிய ஏதோ ஒன்று வந்தது. பிரித்தாள்.

பச்சை நிறத்தில், வட்டமாக, பாதி தேய்ந்த ஒரு ஷேவிங் சோப்பு. ஆரஞ்சுப் பூவின் வாசனை.

"இதுதான் அத்தை! மூணாவது வாசனை இதேதான்!" மருமகள் துள்ளினாள். "மாமாவுக்கு இதைப் போட்டுத்தான் ஷேவ் பண்ணுவீங்களா?"

டீச்சர் அதைக் கையில் வாங்கிப் பார்த்தார். ஒன்பது வருடமும் அவர் கணவருக்குப் போட்டது ஒரே ஒரு நாள் அந்தப் புதினாவும், மற்ற நாளெல்லாம் வெள்ளைச் சோப்பும்தான். இதை அவர் இதற்கு முன், கணவர் எழுந்து நடமாடிய நாளிலும்கூட, பார்த்ததில்லை. 'என் கையைத் தவிர வேற ஒரு கை பட்டதில்லை' என்று சற்று முன்பு சபையில் சொன்னது காதுக்குள் திரும்ப ஒலித்தது. பாதி தேய்வதற்கு எத்தனை நாள் ஆகும் என்று அவருக்குத் தெரியும். அத்தனை நாளும் யாருடைய கை?

வாசலில், லிஃப்ட் கருவிப் பையைத் துடைத்துக்கொண்டே சந்தோஷமாகச் சீட்டியடித்துக்கொண்டிருந்த மகன், அந்தப் பச்சைச் சோப்பைப் பார்த்ததும் சட்டென்று சீட்டியை நிறுத்தினான்.